மோட்டார் வயர்

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், உப்புத் தண்ணீரில் இரண்டு வயர்களை விட்டு பேட்டரி பல்பை எரியவைத்தாள். நான் அவள் வயதில் இருந்தபோது எங்கள் டீச்சரும், “உப்புத் தண்ணியில கரண்ட் ஓடும், பாருங்க” என்று இதையே செய்துகாட்டினார். எல்லோரும் கைதட்ட, எனக்கோ அம்மா வேலை பார்த்த, இன்று வீட்டுமனையாகிவிட்ட உப்பளமும், வரப்பில் டேப் சுற்றிக் கிடந்த மோட்டார் வயரும், கணுக்கால் நீரில் உப்பு வாரும் அம்மாவும்தான் கண்ணில் நின்றார்கள். மறுநாளிலிருந்து மோட்டார் சுவிட்ச் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

“ஏய், ஸ்கூலுக்குப் போடி!”

“நீ மேல ஏறு, போறேன்.”

“நான் ஏறிட்டா சோறு உங்கப்பனா போடுவான்?” என்று அம்மா சிரித்தாள்.

மோட்டாரின் உறுமல் அடங்கும்வரை, உப்பின் வெளிச்சத்தில் கண் கூசக் கூச, அவள் கால்களையே பார்த்திருப்பேன். பள்ளியில் என் பெயரை அடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஆகவில்லை.