பத்து நாளைக்கு என்று வந்த நாய்கள்

சட்டைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. தைத்து, பொத்தான் வைத்து, நூல் வெட்டி வரும் ஒவ்வொரு சட்டையும் அவள் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக முடியும். கோளாறு கண்ட இடத்தில் விரல்நக அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஒட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறாள். தைக்கிற பெண்கள் வைத்த பெயர் அம்புக்கா. மூஞ்சிக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

வேலையால் சந்தேகம் வந்ததா, சந்தேகத்தால் வேலை கிடைத்ததா என்பது வீட்டில் முடியாத வழக்கு. "உங்கம்மா கண்ணாடியில முகம் பாத்தாக்கூட, இது நான்தானான்னு ரெண்டு தடவ பாப்பா," என்று மகளிடம் சொல்வார் அவள் கணவர். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

அந்த வீட்டில் அம்புக்கா கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் மேஸ்திரி. கறுப்பு நாய். யார் எந்த வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்த்ததால் அந்தப் பெயர். பதினாலு வருஷம் இருந்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுச் செத்தது. கடைசி மூன்று வாரமும் அவள் தினம் சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து ஓடி வந்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து அதன் வாயோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். மகளுக்குப் பரீட்சை. கணவருக்கு, நேரம் பார்த்து, தினமும் எக்ஸ்ட்ரா ட்ரிப்.

அது முடிந்து நாலு மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேன் வந்து நின்றது. கதவு திறந்து இரண்டு நாய்கள் இறங்கின.

"பத்து நாளைக்குத்தான்," என்றார் கணவர், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே. "எங்க வேன் ஷெட் வாட்ச்மேனோடது. அவரு மக வீட்டுக்குப் போயிருக்காரு. பாத்துக்க ஆளில்ல."

ஒன்று செம்பட்டை, ஒரு காது மட்டும் மடிந்தது. இன்னொன்று வெள்ளையில் கறுப்புத் திட்டு, பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி நடந்தது. அம்புக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டினால் ஒருவர் தப்பித்துவிடலாம். பேசாமல் இருந்தால்தான் ஆபத்து.

சட்டையானாலும் சரி, நாயானாலும் சரி, அவள் கழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். கழுத்துப்பட்டை இரண்டும் புத்தம் புதுசு. வேனிலிருந்து கூடவே இறங்கிய தீவன மூட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். இரண்டு நாய்க்கு நாற்பது நாள் வரும்.

"பத்து நாளைக்கு எதுக்கு இருபது கிலோ?"

"சின்ன மூட்டை தீந்துபோச்சாம்."

"பட்டை?"

"வாட்ச்மேன் வாங்கினது."

"வாட்ச்மேனுக்கும் உங்களுக்கும் ஒரே கலர் புடிக்குது போல. மேஸ்திரிக்கு நீங்க வாங்கின அதே பச்சை."

கணவர் டீ டம்ளரை எடுத்துக் குடித்தார். டம்ளரில் டீ தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அம்மா, அதுங்ககிட்டயும் ஒரு வாக்குமூலம் வாங்கிடு," என்றாள் மகள்.

"வாங்குவேன். உங்கப்பாவவிட அதுங்க ஒழுங்கா சொல்லும்."

அம்புக்கா தீவனம் வைத்தாள், தண்ணீர் வைத்தாள். தொடவில்லை. ஜன்னலுக்குக் கீழே மேஸ்திரி படுக்கும் இடத்தில் நொண்டி போய்ச் சுருண்டபோது, அதை ஓட்டிவிட்டுத் துணி காயப்போடும் ஸ்டாண்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தினாள். ஈரத்துணி கூட இல்லை, வெறும் ஸ்டாண்டு.

மூன்றாம் நாள் அவளுக்கு மூக்கில் வியர்த்தது. தெருமுனையில் வேன் திரும்பும்போதே இரண்டும் எழுந்து வாசலுக்குப் போய் நின்றன. ஹாரன் அடிக்கவில்லை, எஞ்சின் சத்தம்தான். தெருவில் அதற்கு முன் நாலு வண்டி போயிருந்தது, ஒன்றுக்கும் அவை காதை அசைக்கவில்லை. கணவர் இறங்கி நாக்கால் இரண்டு சொடுக்குப் போட்டார். இரண்டும் உட்கார்ந்தன. மேஸ்திரிக்கு இதைப் பழக்க மாசக்கணக்கில் ஆனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. இந்த மனுஷன் எத்தனை நாளாக இதுகளோடு பழகுகிறார்?

ஐந்தாம் நாள் நொண்டியின் பாதத்தில் சீழ் வைத்திருந்தது. கணவர் ட்ரிப்பில் இருந்தார். அம்புக்கா அரைநாள் லீவு போட்டு, நாயை ஒரு பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி, மேஸ்திரியைக் காட்டிய அதே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். உள்ளே நுழைந்ததும் நொண்டி வாலை ஆட்டியது.

"வாங்கக்கா," என்றார் கம்பவுண்டர். "சார் வரலியா? இத எப்பவும் அவருதானே தூக்கிட்டு வருவாரு."

"எப்பவும்னா?"

கம்பவுண்டர் கள்ளமில்லாத மனிதர். நாயின் சிகிச்சை அட்டையையே எடுத்து நீட்டிவிட்டார். உரிமையாளர் என்ற இடத்தில் அவள் கணவர் பெயர். முதல் ஊசி போட்ட தேதியை அவள் இரண்டு தடவை பார்த்தாள். மேஸ்திரி சாவதற்கு எட்டு நாள் முந்தி. திருடப் போனாலும் தெரிந்த வீட்டுக்கே போகிற மனுஷன்.

தொழிற்சாலையில் ஒருத்தி காய்ச்சலென்று படுத்தால், மத்தியானத்துக்குள் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். அதில் தப்பில்லை, சட்டை நிற்காது. ஆனால் மூச்சு இருக்கும்போதே ஒரு நாயின் இடத்துக்கு ஆள் எடுத்திருக்கிறார். அவள் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே சாயங்காலம். ஆட்டோவில் திரும்பும்போது நாய் அவள் மடியில் தலை வைக்கப் பார்த்தது. தள்ளி வைத்தாள்.

கணவர் வாசலில் வேன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அட்டையை வேன் படியில் வைத்தாள்.

"இது என்ன தேதி?"

பார்த்தார்.

"அது உயிரோட இருக்கறப்பவே அடுத்ததுக்குச் சொல்லி வச்சிட்டீங்க."

"தேதி சரிதான். சொல்லி வைக்கல." துணியைப் பிழிந்தார், அதில் தண்ணீரே இல்லை. "எக்ஸ்ட்ரா ட்ரிப்புன்னு ஒண்ணும் கிடையாது. அஞ்சு மணிக்கே வண்டிய விட்டுருவேன். வீட்டுக்கு வரத்தான் கால் வரல. கதவத் திறக்கறப்ப நீ அழுதுட்டு இருந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம். தினம் அத நெனச்சுக்கிட்டே கதவத் தட்ட என்னால முடியல. ஷெட்லயே உக்காந்துட்டேன். இதுங்க வந்து பக்கத்துல படுத்துச்சு. நொண்டிக்கு அப்பவே புண்ணு. வாட்ச்மேன் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போற ஆளில்ல."

"பத்து நாளு?"

"அவரு வேலைய விட்டுட்டாரு. திரும்ப வரமாட்டாரு. ஷெட்காரர் இதுங்கள எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவேன்னாரு. பத்து நாளுன்னா நீ கதவையாவது திறப்பேன்னு பாத்தேன்."

சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைத் தடவுவதுபோல அந்தப் பேச்சை முழுக்கத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் நூல் பிரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொய்யாக இருந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கு மட்டும் கால் வந்துச்சா?" என்றாள்.

அவர் துணியை மடித்து வேன் படியில், அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சத்தம் கேட்டு மகள் வெளியே வந்தாள். "அம்மா, அனுப்பிடுவியா?"

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

மகள் வேனின் கூரையைப் பார்த்தாள். "ஒரு மாசமா."

"அப்ப ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க."

இரண்டு நாய்களும் யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தன. அம்புக்கா கைப்பையிலிருந்து மருந்தை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கணவரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"போடுங்க."

"நானா? மாத்திரையெல்லாம் நீதானே எப்பவும்..."

"அதான். எப்பவும் நான்தான். இதுங்களுக்கும் வயசாகும். அன்னிக்கு எந்த ஷெட்டுல போய் உக்காருவீங்கன்னு எனக்கு இப்பவே தெரியணும். தெரிஞ்சாத்தான் இதுங்க இங்க இருக்கும்."

அவர் முட்டி போட்டார். நொண்டி மாத்திரையைத் துப்பியது. எடுத்து மறுபடி போட்டார், அது துப்பியது. மகள் ஓரடி முன்னால் வந்தாள். அம்புக்கா கையை நீட்டி நிறுத்தினாள். மூன்றாவது தடவை நாய் வாயை மூடிக்கொண்டு, கழுத்தை ஒரு வெட்டு வெட்டியது. அவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"முழுங்கிருச்சு."

"அப்படியா," என்று அம்புக்கா குந்தினாள். நாயின் உதட்டை விரலால் தூக்கி, கன்னத்தின் உள்பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். இடது ஓரத்தில், கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், மாத்திரை பத்திரமாக இருந்தது. எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நாக்குக்குப் பின்னாடி வைக்கணும், நுனியில இல்ல," என்றாள். "வாங்க, இன்னொரு தடவ. தலைய நான் புடிச்சுக்கறேன்."