பெட்டிக்கு வைத்த சந்தனம்

படகில் நான்கு பேர். சென்னையிலிருந்து வந்த பெரிய இன்ஜினியர். எங்கள் சூப்பர்வைசர். மோட்டார் ஓட்டுகிறவர், எலவனாசூர்கோட்டைக்காரர். லேப்டாப்போடு ஒரு பெண், உளுந்தூர்பேட்டை. கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

கல்வராயன் மலை அடிவாரத்து அணையில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று அளக்கிற வேலை. தண்ணீர் மேல் கோடு போட முடியாது. அதனால் ஜிபிஎஸ் பெட்டியைக் கேபிளால் லேப்டாப்பில் மாட்டுவார்கள். கோடு திரையில் இருக்கும். படகு ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி கோட்டை விட்டு விலகாமல் ஓட்ட வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம் பார்க்கிறோம் என்று சொல்லி வேலை கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் பெரியவர் முன்னால் திரையைப் பார்த்துப் படகுக்கு வழி சொல்லிக் காட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் இல்லை.

முந்தின நாள் ஆயுத பூஜை. சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர். மோட்டாருக்கு வைத்தேன். நங்கூரத்துக்கு வைத்தேன். ஜிபிஎஸ் பெட்டிக்கு நெற்றி எது என்று தெரியவில்லை. முன்பக்கம் மூன்று வைத்தேன். அடியில் காசு அளவுக்கு ஒரு வட்டம் இருந்தது. அதிலும் கட்டை விரலால் அழுத்தி ஒன்று வைத்தேன். மறுநாள் காலையில், பெரியவர் வருகிறார், துடை என்றார். துடைத்தேன்.

திரையில் கோடு வந்தது. புள்ளி வரவில்லை.

அவள் கேபிளைப் பிடுங்கி மாட்டினாள். வேறு கேபிள் போட்டாள். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டாள். வரவில்லை.

"இன்னாம்மா, படகு முழுகிப் போச்சா? உள்ள காணமே," என்றார் சூப்பர்வைசர். மோட்டார்காரர் சிரித்தார்.

"முந்தாநேத்து ஓடிச்சு சார். பெட்டிலதான் ஏதோ ஆயிருக்கு."

"பெட்டி மேல பழி போடாத. தெரியலன்னா வூட்ல உக்காந்து தோச சுடு."

பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து பெட்டிய நீங்கதான எடுத்து வச்சீங்க? தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

கேபிள் போய் மாட்டுகிற இடத்தை அப்போதுதான் பார்த்தேன். அந்த வட்டம்தான்.

"தண்ணி படலம்மா," என்றேன்.

அது உண்மை. நான் தினக்கூலி.

பெரியவர் இறங்கி ஜீப்பில் ஏறினார். சூப்பர்வைசர் அவள் பையைத் தூக்கிக் கரையில் வைத்தார். "நாளைலேர்ந்து வராத. பஸ்சு கெளம்பிக்கினு இருக்கும், ஓடு."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்தாள். என்னைத் தாண்டும்போது, "வரேண்ணே," என்றாள்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு ஈர்க்குச்சியால் அந்த வட்டத்தைச் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. சூப்பர்வைசர் வந்து சும்மா மாட்டிப் பார்த்தார். புள்ளி வந்தது.

"பாத்தியா? எல்லாம் அவ கை ராசி."

"ஆமாங்க," என்றேன்.

அதே வேலையில்தான் இருக்கிறேன். ஆயுத பூஜைக்கு நான்தான் பொட்டு வைக்கிறேன்.

அந்தப் பெட்டியில் அன்று காலை துடைத்தது மூன்று. வைத்தது நான்கு.