சம்பங்கி மாலையோடு கொதித்த கார்: வாலாஜாபாத்திலிருந்து மீனம்பாக்கம் வரை

பழைய காரில், வெயில் நேரத்தில், விமான நிலையம் போகலாமா என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். தாராளமாகப் போகலாம். 1991 பங்குனியில் நாங்கள் போன கதையைப் படித்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. கல்யாணமாகி நாலு மாதம். மதியம் இரண்டு மணிக்குள் மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். விமானத்தை விட்டால் வேலை வேறொருவருக்கு என்று ஏஜெண்ட் கறாராகச் சொல்லியிருந்தார். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம், படப்பை, தாம்பரம் வழியாக ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். பத்தரைக்கே கிளம்பிவிட்டோம்.

கார் மாமனாருடையது. என் வீட்டுக்காரரைவிட இரண்டு வயதுதான் இளையது. மகன் முதன்முதலாகக் கடல் தாண்டுகிறான் என்று ஆள் உயரச் சம்பங்கி மாலை வாங்கி, காரின் முகமே மறையும்படி இரண்டு சுற்றாகக் கட்டியிருந்தார். சாமிக்குக்கூட அவ்வளவு பெரிய மாலை போட்டு நான் பார்த்ததில்லை.

முன்னால் அப்பாவும் மகனும், பின்னால் பெட்டியும் நானும். சாலையில் வண்டிகளே இல்லை. புளியமரங்கள் வந்தன, போயின. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஏரி, எதிரே தார் ரோட்டில் கானல். எனக்குக் கண் சொருகியது. பூ வேகிற வாசம் என்று ஒன்று உண்டா என்று தூக்கத்திலேயே யோசித்துக்கொண்டு விழித்தேன். ஒரகடத்துக்குச் சற்று முன்னால், ஏரிக்கரையில் கார் நின்றிருந்தது. முன்பக்கமெல்லாம் ஆவி.

எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கிட்டே வந்து பார்த்தார். "இன்னா சார், உலை மாரி கொதிக்குது? தண்ணி ஏரில கீது, மொண்டுக்கோ. ஆறவுட்டு ஊத்து."

என் வீட்டுக்காரர் மாலையைத் தொட்டுப் பார்த்தார். பூவெல்லாம் கீரை மாதிரி வதங்கியிருந்தது. "ரேடியேட்டருக்குக் காத்தே போவலப்பா. மாலைய எடுத்துடலாம்."

"நல்ல காரியத்துக்குக் கட்டுன மாலைய நடுவழில கயட்டறதா? சும்மா இரு."

"இதோட போனா படப்பை தாண்டாது. பிளைட் போயிடும்."

"போனா போவுது" என்றார் மாமனார்.

எஞ்சின் ஆறட்டும் என்று புளியமர நிழலில் உட்கார்ந்தோம். ஏரியில் கொக்குகள் நகராமல் நின்றன. காற்று தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் விரல் என் விரலுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. வேலையாவது, மஸ்கட்டாவது, இந்த மரத்தடியே போதும் என்று தோன்றியது. ஆனால் அவர் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வேலைக்கு ஒரு வருஷம் அலைந்தவர் அவர்.

"மாமா, கயட்டினாத்தானே ஆவாது? மாலை மாத்திக்கலாமே, அது நல்லதுதானே" என்றேன்.

மாமனார் எழுந்து, அவரே முடிச்சை அவிழ்த்து, மாலையை மகன் கழுத்தில் போட்டார். மகன் அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். சம்பங்கி இன்னும் சூடாக இருந்தது. "நல்லாருங்க" என்று எருமைக்கார அம்மா சிரித்தார். தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். ஒன்றே முக்காலுக்கு மீனம்பாக்கம்.

அவரை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, அதே புளியமரத்தடியில் மாமனார் காரை ஓரங்கட்டினார். "கொஞ்சம் ஆறட்டும்மா" என்று பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. நான் இறங்கவில்லை. மடியில் மாலை இருந்தது. சூடு காட்டும் முள் பாதிக்குக் கீழேதான் நின்றது.

இரண்டு வருஷம் கழித்துத்தான் என் வீட்டுக்காரர் வந்தார். இன்றைக்கு அந்த ரோட்டில் கம்பெனி பஸ்கள் முட்டி மோதுகின்றன, நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. பழைய காரில் போகிறவர்கள் இரண்டு கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மாலையைப் பம்பருக்குக் கீழே கட்டுங்கள். யாரையாவது ஏற்றி அனுப்பிவிட்டு வருகிற வழியில், ஓட்டுகிறவர் கொஞ்சம் ஆறட்டும் என்றால், முள்ளைப் பார்க்காதீர்கள். ஆறட்டும்.