செல்வி வாசித்த கியர்பாக்ஸ்

ஆட்டோ கியர்பாக்ஸ், அதாவது கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸைப் பிரிப்பது என்பது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடும் எண்ணெயை நம்பி வண்டிக்காரருக்கு நாள் குறித்துக் கொடுக்கும் தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை. மலேசியாவில், மலாக்கா பக்கம் ரெம்பியாவில் என் ஒர்க்‌ஷாப். இருபது வருஷம் பிரேக், கிளட்ச் என்று சாதாரண வேலைதான் பார்த்தேன். மூன்று பெடல் வண்டிகள் ரோட்டில் குறையக் குறைய, வேறு வழியில்லாமல் நாற்பத்தாறு வயதில் ஆட்டோ கியர்பாக்ஸ் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். எனக்கு வாத்தியார்கள் இருவர். ஒருவர் கைப்பேசியில் வரும் வீடியோ. இன்னொருவர் மேசைமேல் கிடக்கும் புத்தகம்.

மூக்கு வைத்தியம்

வீடியோவில் ஒரு வசதி, பாஷை தெரிய வேண்டியதில்லை. எந்த தேசத்துக்காரரோ, என்ன பேசுகிறாரோ, அவர் கை செய்வதை என் கை செய்தால் போதும். சங்கடமும் ஒன்று உண்டு. கை முழுக்க எண்ணெய் இருக்கும்போது கைப்பேசி நம்மை மதிக்காது. ஒவ்வொரு தடவையும் கை துடைத்து, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி எண்ணெயில் கை வைத்து, ஒரே வாரத்தில் வெறுத்துவிட்டேன்.

அதன்பிறகு மூக்குதான். குனிந்து மூக்கு நுனியால் தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டு தட்டினால் ஓடும். நன்றாகப் பழகிவிட்டேன். ஒருநாள் மூன்றாவது முறையாகக் குனிந்து நிமிர்ந்தபோது, மஸ்ஜித் தானாவிலிருந்து எண்ணெய் மாற்ற வரும் குமார் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியவில்லை.

“நீங்க முத்தம் குடுத்து முடிங்கண்ணே, நான் வெளிய நிக்கிறேன். அண்ணிகிட்ட சொல்ல மாட்டேன் லா.”

உறை போட்ட புத்தகம்

புத்தகம், மூடப்போன ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. செங்கல் கனம், முழுக்க இங்கிலீஷ். நான் ஃபார்ம் த்ரீயோடு, அதாவது ஒன்பதாவதோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். என் இங்கிலீஷ் கடைப் பலகை அளவுக்குத்தான் வரும். என் மனைவி செல்வி அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் கிளார்க். புத்தகம் வந்த அன்றே, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் என்ற இடத்தில் என் பெயரையும் வகுப்பு என்ற இடத்தில் ‘கியர்பாக்ஸ்’ என்றும் எழுதிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பாள். பாகங்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. “மோதிரம் மாதிரி ஒண்ணு இருக்குமாம், அத நெம்பித் தூக்கணுமாம்” என்பாள். நான் எடுத்துக் காட்டுவேன். முக்கியமானதை ஸ்பேர்பார்ட்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் எழுதிச் சுவரில் மாட்டுவாள். அந்த மத்தியானங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் இவ்வளவு நேரம் பேசியதில்லை. ஒருநாள் பாதிப் பக்கத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“இத எழுதினவரு பொண்டாட்டி பேச்சக் கேக்கறவருங்க. பக்கத்துக்குப் பக்கம், அவசரப்படாதே, அவசரப்படாதேனு இருக்கு.”

மகேஸ்வரி அக்காவின் லைசென்ஸ்

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மகேஸ்வரி அக்கா தன் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முன்னால் போகும் கியரான டி-யில் போட்டால் இன்ஜின் உறுமும், வண்டி மட்டும் நகராது. அவர் வீட்டுக்காரர் சிவா அண்ணனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. அதன்பிறகுதான் அக்கா ஐம்பத்திரண்டு வயதில் லைசென்ஸ் எடுத்தார், ஆட்டோ வண்டிக்கு மட்டும். வாரம் ஒருமுறை அண்ணனை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்கு ஓட்டிப்போவது அவர்தான். வரும் வியாழக்கிழமை ஊன்றுகோல் இல்லாமல் நாலு அடி வைத்துப் பார்க்கலாம் என்று பயிற்சியம்மா சொல்லியிருந்தாராம். அண்ணன் அன்றைக்குப் போட சட்டைகூட எடுத்து வைத்துவிட்டாராம்.

எஸ்டேட்டுக்குள் வாடகைக் கார் வருவது அபூர்வம். என் வேனில் ஏற்றிப்போகலாமென்றால் படி உயரம், அண்ணன் கால் எழும்பாது. என் தம்பியின் பழைய காரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு மூன்று பெடல்.

“வேணாம்பா. நான் கிளட்சத் தேடுறதுக்குள்ள அவரு நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிருவாரு.”

வியாழக்கிழமை காலை வண்டி கையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன். ஒரு முழு கியர்பாக்ஸை நான் தனியாகப் பிரித்துப் போடுவது அதுதான் முதல் தடவை. இதை அக்காவிடம் சொல்லவில்லை.

பின்னால் மட்டும்

திங்கட்கிழமை செல்வி வேலைக்குப் போயிருந்தாள். கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு கிளட்ச் உண்டு, ஒரு பக்கம் சுழலும், மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதில்தான் வம்பு. செல்வியின் அட்டையில் ‘கடிகார முள் ஓடும் பக்கம்’ என்றிருந்தது. வீடியோக்காரர் எதிர்ப்பக்கம் சுழற்றிக் காட்டினார். மூக்கால் தட்டித் தட்டி ஏழெட்டுத் தடவை பார்த்தேன், சந்தேகமே இல்லை. செல்விதான் தமிழில் எழுதும்போது மாற்றி எழுதிவிட்டாள் என்று முடிவுசெய்து, வீடியோவில் பார்த்தபடியே பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தேன். பின்னால், எங்கள் ஊர்ப் பேச்சில் கோஸ்தான், ஜம்மென்று போனது. டி-யில் போட்டால் நின்ற இடத்தில் நின்றது. பக்கத்தில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்காரர் பாக் ஹசான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார்.

“தம்பி, கோஸ்தான் நல்லா போகுது லா. முன்னால போகத்தான் அதுக்கு மனசு இல்ல.”

சுவர்க் கடிகாரம்

சாயங்காலம் செல்வி வந்ததும் வீடியோவைக் காட்டினேன். அவள் கிளட்சைப் பார்க்கவே இல்லை. அந்த மனிதருக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதைத் தொட்டு, “இந்த நொடி முள்ளு ஏன் பின்னால ஓடுது?” என்றாள். யாரோ எடுத்த வீடியோவை இன்னொருவர் தூக்கிப் போடும்போது, திருட்டு அகப்படாமலிருக்கக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திருப்பிவிடுவார்களாம், அதில் கிளட்சும் எதிர்ப்பக்கம் சுழல்வதாகத்தான் தெரியும். இது பிறகு கேள்விப்பட்டது. அத்தனை நாள் அந்த ஆளின் கையையே பார்த்தவனுக்குக் கடிகாரம் கண்ணில் படவில்லை.

அட்டையில் நீதான் தப்பாக எழுதிவிட்டாய் என்று நினைத்தேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துத் தூசி தட்டி மறுபடி மாட்டினாள்.

“கியர்பாக்ஸுக்குள்ள என்ன இருக்குனு நீங்க சொன்னா நான் நம்பறேன். இங்கிலீஷ்ல என்ன இருக்குனு நான் சொன்னா நீங்களும் நம்புங்க, போதும்.”

வியாழக்கிழமை

புதன்கிழமை செல்வி லீவு போட்டாள். அவள் வாசிக்க, நான் மறுபடி பிரித்துப் போட்டேன். வியாழன் காலை அக்கா சாவியை வாங்கி டி-யில் போட்டார், வண்டி முன்னால் போனது. பாக் ஹசான் கை தட்டினார்.

மத்தியானம் திரும்பும் வழியில் எங்கள் வாசலில் நிறுத்தினார்கள். முன் சீட்டில் சிவா அண்ணன், இஸ்திரி போட்ட நீலச் சட்டையில். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு மெதுவாகத்தான் வரும். “நாலு அடி வச்சீங்களாண்ணே?” என்று கேட்டேன். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். எல்லா விரலையும் விரித்துக் காட்டினார்.

“அஞ்சு.”

இப்போதும் வீடியோ பார்க்கிறேன், ஆனால் முதலில் சுவரில் கடிகாரம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அடுத்து செல்வி முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதன்பிறகுதான் ஸ்பானரைத் தொடுகிறேன்.