நீலக் கோடு

பல்செட்டுக்காரர் வலது கையால் சாப்பிடுவார். இடது கை அந்த நேரத்தில் நாற்காலிக்குப் பின்னால் கிடக்கும் படகின் விலாவில் ஊர்ந்துகொண்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவார். எங்காவது ஒரு சிறு மேடு விரலில் தட்டுப்பட்டால் மெல்லுவது நின்றுவிடும். "இங்க இடிக்குது" என்பார். எதிரே இருக்கும் மனைவி, தன்னைத்தான் சொல்கிறாரோ என்று மேசைக்கடியில் காலை இழுத்துக்கொள்வாள்.

படகு என்றால் இரட்டைப் படகு. ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவில் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களுக்கிடையே ஆள் உட்கார ஒரு வலை, மேலே ஒரு பாய். ஒருவர் மட்டும் ஏறிப் பந்தயம் விடுவதற்கான குட்டிப் படகு. குட்டி என்று ஏரியில் வேண்டுமானால் சொல்லலாம். அவர் வீட்டுக் கூடத்தில் அது அரக்கன். இரண்டு உடல்களின் மூக்கும் படுக்கையறைக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தக் கதவைச் சாத்தி வெகு நாளாகிறது. சோபா சமையலறைக்குக் குடிபோய்விட்டது. விருந்தாளிகள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

பிழைப்புக்கு அவர் பல் டாக்டர் ஒருவரின் பின்னறையில் பல்செட்டு செய்கிறார். புருவத்தில் எப்போதும் பல் அச்சு வார்க்கும் மாவுத்தூள். செட்டு தயாரானதும் வாயில் பொருத்தி, மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே மெல்லிய நீலத்தாள் ஒன்றை வைப்பார். "கடிங்க… விடுங்க… இப்ப லேசா அரைங்க." மேடான பல்லில் நீலம் ஒட்டும். அதை மட்டும் ராவுவார். வீட்டிலும் அதே தாள்தான். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து முழங்காலால் அழுத்திக்கொண்டு, "கடி… விடு…" என்று மரத்திடம் சொல்வார். பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் பிசின் பூசி, ஈறு வழிப்பதுபோல் வழித்துவிட்டிருக்கிறார்.

கடையில் பிசின் வாங்கும்போது "கேட்டமரானுக்கா சார்?" என்று கேட்டால் அவருக்குச் சுருக்கென்று வரும். "கட்டுமரம்னு நாம நல்லாத்தான் சொல்லிக் குடுத்தோம். வாங்கிட்டுப் போனவங்களுக்குப் பல்லு சரியில்ல. மென்னு துப்பிட்டாங்க."

இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்டால் பொழுதுபோக்கு என்பார். சுத்தப் பொய். மச்சினன் மேல் அவருக்குப் பொறாமை. சின்னப் பொறாமையில்லை, அடிவயிற்றிலிருந்து எரிகிற பொறாமை.

மனைவியின் தம்பி வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். நல்ல உயரம்; படி ஏறி இறங்கி உடம்பில் ஒரு பிடி சதை மிச்சமில்லை. ஆண்டுதோறும் ஏரியில் நடக்கும் பந்தயத்தில், யாரோ கழித்துப் போட்ட பழைய படகை ஓட்டி, கோப்பையைத் தட்டிக்கொண்டு வருவான். அவன் அறையில் வைக்க இடமில்லை. கோப்பைகள் எல்லாம் அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் நிற்கின்றன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, வாயால் ஊதி ஈரப்படுத்தி, மெல்லிய துணியால் துடைப்பாள். பல்செட்டுக்காரர் எங்கே உட்கார்ந்தாலும் அந்த அலமாரி கண்ணில் படும். ஒரு முறை அவர் செய்த செட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் கரும்பு கடித்த கதையை ஆசையாகச் சொன்னார். "அப்படியா" என்று கோப்பைக்குள் சொன்னாள். அதற்கு மறுநாள்தான் சோபா சமையலறைக்குப் போனது.

இதில் பெரிய தொல்லை, மச்சினன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். வந்ததும் வராததுமாக "அத்தான், உங்க கையி கையில்ல, மந்திரம்" என்று படகின் முன் தரையில் உட்கார்ந்துவிடுவான். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டு ஜெயிக்க மட்டும் நீ போயிடு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "சாப்டியா மாப்ள?" என்று வெளியே கேட்பார்.

படகை வரையத் தொடங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஏறுகிற ஆளின் எடை. அதை வைத்துத்தான் உடலின் அகலமும் வயிற்றின் ஆழமும். பல்செட்டுக்காரர் எழுபது கிலோ என்று வைத்துக்கொண்டார்.

"யாருங்க அந்த எழுபது?" என்றாள் மனைவி.

"நான்தான்."

"கல்யாணத்தப்போ."

"கட்டி முடிக்கிறதுக்குள்ள எறங்கிடுவேன்."

இத்தனைக்கும், பழைய செட்டைக் கொண்டுவந்து இதே அளவில் இன்னொன்று என்று கேட்பவர்களை அவர் விடுவதே இல்லை. "தாடை மாறிப்போச்சும்மா. இன்னிக்கி வாய்க்குத்தான் அளவெடுக்கணும். பழைய வாய நெனச்சு செஞ்சா சாப்பிட முடியாது" என்று வகுப்பே எடுப்பார். ஊருக்குத்தான் உபதேசம். சர்க்கரையை விட்டார், இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரையிடமே திரும்பினார். படகு மட்டும் எழுபது கிலோ ஆளுக்காக அணு அணுவாக வளர்ந்தது.

முடிந்ததும், தண்ணீர் எதுவரை வரவேண்டுமோ அந்த உயரத்தில் இரண்டு உடல்களிலும் நீல நிற டேப்பை மூக்கிலிருந்து வால்வரை ஒட்டினார். படகைத் துண்டு துண்டாகக் கழற்றி வெளியே எடுத்து, ஏரிக்கரையில் மறுபடி பூட்டினார்கள். மச்சினனும் கைகொடுக்க வந்திருந்தான். ஆளில்லாமல் படகு மிதந்தபோது கரையோரமாக அதன் கூடவே நடந்தார். பிறகு அவர் ஏறினார். மூக்கு இரண்டும் வானத்தைப் பார்த்தன. பின்பக்கம் நீலக் கோடு தண்ணீருக்குள் போனது. பாய் விரித்தால் வால் தண்ணீரை இழுத்துக்கொண்டு, முனகிக்கொண்டு நகர்ந்தது.

"காத்து பத்தல" என்றார்.

"நீ கொஞ்சம் ஏறு மாப்ள, கயிறு சரி பண்ணணும்" என்று இறங்கி நின்றார். மச்சினன் ஏறி உட்கார்ந்தான். நீலக் கோடு மூக்கிலிருந்து வால்வரை தண்ணீரை மட்டும் தொட்டுக்கொண்டு நின்றது. மேலே இல்லை, கீழே இல்லை. அவர் வாழ்நாளில் பொருத்திய எந்தச் செட்டும் இவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை. அளவெடுத்ததே அவனுக்குத்தான் என்பதுபோல் இருந்தது. அவருக்கு அழுகை வரும்போல ஆனது. நல்லவேளை, கோபம் முந்திக்கொண்டது.

"தம்பியே ஓட்டட்டுமேங்க" என்றாள் மனைவி, வீட்டுக்கு வரும் வழியில். மெதுவாகத்தான் சொன்னாள்.

யோசித்துப் பார்த்தார். தான் ஓட்டினால் படகு கடைசியில் வரும். பார்க்கிறவன் மட்டமான படகு என்பான். அவன் ஓட்டினால் படகு யாரென்று ஏரிக்கே தெரியும். அலமாரியில் இன்னொரு கோப்பை ஏறும், அதையும் இவள் ஊதித் துடைப்பாள். இரண்டும் பொறுக்கவில்லை. "ஓட்டட்டும்" என்றார். அன்று படகுக்குப் பதில் அலமாரியைப் பார்த்துச் சாப்பிட்டார்.

பந்தயத்தன்று காலை, பெரிய தண்ணீர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார். பின்சட்டத்தில் வைத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாகக் கட்டினார்.

"இவ்ளோ தண்ணி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"தாகம் எடுக்கும்ல."

அவள் கேனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பையைக் கிளறினாள். மச்சினனோ, "அத்தானுக்கு என்மேல எவ்ளோ அக்கறை பாருக்கா" என்றபடி ஏறி உட்கார்ந்தான்.

படகுகள் ஒவ்வொன்றாகப் புறப்பாட்டுக் கோட்டுக்கு நகர்ந்தன. கரையில் நின்றவர்கள் புதுப் படகைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். "அழகா இருக்கு, வால்தான் கொஞ்சம் தொங்குது" என்றான் ஒருவன். பல்செட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் நீலக் கோடு தண்ணீருக்குள் இருந்தது. தன் நாக்கில் எதுவோ இடிப்பதுபோல் வாயை அசைத்தார்.

"நில்லு மாப்ள."

செருப்பு, இஸ்திரி போட்ட பேன்ட், பையில் பர்ஸ், எல்லாவற்றோடும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். கட்டிய முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். கேனைத் தூக்கியதும் வால் எழும்பியது. நீலக் கோடு வெளியே வந்து தண்ணீரின் மேல் படிந்தது. அதன்மேல் ஒரு முறை விரலை ஓட்டினார்.

"தாகம் எடுக்கும்னு சொன்னீங்களே அத்தான்?"

"எனக்குத்தான்" என்றார். படகின் வாலை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, கேனை இரண்டு கையாலும் தூக்கி வாயில் சரித்துக்கொண்டார்.