பிளாக் வரிசையும் பக்கத்துச் சீட்டும்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் மாலை ஐந்தரைக்கு மேல் பனவடலிசத்திரம் போகிற பேருந்தில் உட்கார்ந்து போக வேண்டுமென்றால், முதலில் எதையாவது ஜன்னல் வழியாக எறிய வேண்டும். துண்டு, கைக்குட்டை, சாப்பாட்டுப் பை, எதுவானாலும் சரி. அது விழுகிற சீட்டு எறிந்தவருக்கு. இதில் தகராறு வந்து நான் பார்த்ததில்லை. எறிவது என் வேலை. ஏறி ஜன்னலோரம் உட்காருவது அக்காவின் வேலை.

சொந்த அக்கா இல்லை. எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள், என்னைவிட நாலு வயது மூத்தவள். பிறந்த ஊர் குருவிகுளம் பக்கம். ஆடு வளர்த்து, காடுகளில் உரத்துக்குக் கிடை போடுகிற குடும்பம். நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். அவள் இரண்டு கடை தள்ளி மருந்துக் கடையில். அவள் வீட்டுக்காரர் சென்னையில் நாலு பேரோடு ஒரு அறையில் தங்கி வேலை பார்த்தார். மூன்று வயது மகளிடம் "ஒங்க அப்பா எங்கட்டி?" என்று யாராவது கேட்டால், அது ஓடிப் போய் செல்போனை எடுத்து வந்து காட்டும். எல்லாரும் சிரிப்பார்கள். அக்கா சிரிக்க மாட்டாள்.

சென்னையில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களோடு போனில் பேச ஆள் எடுத்தார்கள். இங்கிலீஷ் வர வேண்டும். கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். அதற்காகத்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யூடியூபில் பாடம் கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, மாலையில் பேருந்தில் எனக்கு ஒப்பிப்பாள். ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் சொந்தபந்தத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடுவாள். ஒரு வாரம் முழுக்க பிளாக் வரிசைதான் ஓடியது. பிளாக்போர்ட், பிளாக் காபி, பிளாக் மார்க்கெட், பிளாக்லிஸ்ட், பிளாக்மெயில்.

பிளாக்போர்டில் முதல் பாதியை அழுத்த வேண்டுமாம். பிளாக் காபியில் காபியையும் விடக் கூடாதாம். அழுத்துகிற இடத்தில் முன்சீட்டுக் கம்பியில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவாள். முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். அவளுக்கு அதெல்லாம் உறைக்காது. எனக்குப் போர்டு என்றுதான் வரும். "கடைசி உகரத்த முழுங்குட்டி" என்பாள். முழுங்கினால் எனக்கு இருமல் வந்தது.

பிளாக் ஷீப் வந்த அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கோபம். "குடும்பத்துக்கு ஆகாதவனாம், கூட இருந்தே குழி பறிக்கவனாம். எங்க கிடையில கருப்பாடுதான் முன்னால நடக்கும். மத்ததெல்லாம் அது பின்னாலதான் போவும். இவனுவளுக்கு ஆட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றாள். வெளியே கரிசல் காடு ஓடிக்கொண்டிருந்தது. அதையும் விடவில்லை. பிளாக் சாயில் என்று சொல்லி, இரண்டு தட்டுத் தட்டினாள்.

தேர்வு போனிலேயே நடக்கும், காலை பத்து மணிக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின மாலை, மகளுக்கு பிஸ்கட் வாங்க நோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். எங்கள் பேருந்தும் ராஜபாளையம் பேருந்தும் அடுத்தடுத்து நின்றன. கூட்டம் நெருக்கியது. நான் நோட்டை ராஜபாளையம் பேருந்துக்குள் எறிந்தேன். அது கிளம்பிப் போய்விட்டது.

அவசரத்தில் தெரியாமல் எறிந்துவிட்டேன் என்றுதான் இதுவரை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய். ஊர்ப் பலகையைப் பார்த்தேன். ராஜபாளையம் என்று படித்தேன். இவள் போய்விட்டால் நான் யாரோடு பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவேன் என்று அந்த நொடியில் மனசு கேட்டது, கை எறிந்துவிட்டது. கை என்பதும் சாக்குதான். நான்தான் எறிந்தேன்.

பிஸ்கட்டோடு வந்தவளிடம் அழுதுகொண்டே சொன்னேன். பேருந்து போன திசையைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தட்டி, "அழாத மக்கா. எனக்கு எடம் புடிக்கத்தான எறிஞ்ச" என்றாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அன்றைக்கு வழி முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபத்தில்தான் பேசாமல் வருகிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை அவளே சொன்னாள். "அவன் கேள்வி கேக்கான், எனக்கு ஒண்ணும் ஓடல. கண்ண மூடுனேன், நம்ம பஸ்ஸுல ஏறிட்டேன். பருத்தி மில்லு வந்துச்சு, பிளாக்போர்ட் வந்துச்சு. கொளத்துக்கரை வந்துச்சு, பிளாக்லிஸ்ட் வந்துச்சு. கரண்டு காத்தாடி வந்ததும் பிளாக்மெயில். எதை எங்கன வச்சுப் படிச்சமோ அங்கனயே இருந்துச்சு. நேத்து அதத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்." வேலை கிடைத்துவிட்டது. நான் ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவள் நினைத்தாள். பாதி அதுவும்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். போன வாரம் மகள்தான் எடுத்தாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "குளிக்காங்க" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அதைக் கேட்டதும் நோட்டு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அக்கா போனை வாங்கி, "இன்னைக்கு எடம் கெடச்சுதா மக்கா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏது பேருந்து என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது.

இன்றைக்கும் ஐந்தரைக்கு ஓடிப் போய்ப் பையை எறிகிறேன். எறியும் முன் ஊர்ப் பலகையை இரண்டு தரம் படிக்கிறேன். ஏறி, பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்காருகிறேன். "ஆள் வருதா?" என்று கேட்பார்கள். "வருது" என்பேன். பருத்தி மில் தாண்டியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். நின்றுகொண்டு வருகிறவர் உட்கார்ந்துகொள்வார்.