பச்சை அம்புக்குறி கடலைக் காட்டியது

கல்குடாப் பக்கம் கடற்கரையோரத்தில் இருக்கும் ஒரு ஹோட்டலில் எச்.ஆர். மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புளியந்தீவிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். ஆள் சேர்த்திருக்கிறேன், ஆள் நிறுத்தியிருக்கிறேன், லீவுச் சண்டை, சாப்பாட்டுச் சண்டை, காதல் சண்டை எல்லாம் தீர்த்திருக்கிறேன். இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், "மிஸ், உங்களுக்கு ஆகக் கஷ்டம் தந்த ஆள் ஆர்?" என்று கேட்கிறார்கள். ஆளா? ஒரு பெட்டி! அந்தக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1. பெட்டி வந்தது

கொழும்புத் தலைமை அலுவலகம் வீ.ஆர். ஹெட்செற், அதாவது தலையில் மாட்டுகிற படப்பெட்டி, இரண்டை அனுப்பியது. கூடவே ஒரு மின்னஞ்சல். தகுதிகாண் காலத்தில் இருக்கிற ஊழியருக்கெல்லாம் இனிப் பயிற்சியும் மதிப்பீடும் இதில்தானாம். கண்ணை மறைத்து மாட்டினால் முன்னால் ஒரு ஹோட்டல் தெரியும். அதற்குள் நடக்கலாம், கதவைத் திறக்கலாம், கோபக்கார விருந்தாளியோடு பேசலாம். முடிந்ததும் பெட்டியே மார்க் போடும். பச்சை வந்தால் வேலை நிரந்தரம். சிவப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம்.

யாரைக் கேட்டார்கள்? என்னையா கேட்டார்கள்? கரண்ட் ஒழுங்காக நிற்காத இடத்தில், எண்ணெய் தேய்த்துக் கொண்டை போட்ட தலைகளில், வியர்வை வழியும் முகங்களில் இதை மாட்டு என்றால்! கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று ஒருத்தி. கறி வெட்டுகிற பையன் மாட்டியவுடன் தலை சுற்றி, குசினி வாசலில் சத்தி எடுத்தான். ஹவுஸ்கீப்பிங் புஷ்பா, படத்தில் தெரிந்த அறைக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து குரல் வரவில்லை. ஆள் இருக்கிற அறைக்குள் கேட்காமல் போவது மரியாதையில்லை என்று அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி அவளுக்குச் "செயலின்மை" என்று மார்க் குறைத்தது.

"புஷ்பா, உள்ள ஆரும் இல்லடி, போ" என்றேன்.

"இல்லையெண்டு உங்களுக்கு எப்படி மெடம் தெரியும்? லைட் எரியுதே!"

நான் என் தலையில் அடித்துக்கொண்டேன்.

2. ஸ்ரெலாவின் சிவப்பு

அதையெல்லாம் எப்படியோ சமாளித்தோம். தீ விபத்துப் பயிற்சியில்தான் வந்தது வினை. மணி அடிக்கும், புகை வரும், ஆட்கள் கத்துவார்கள், தரையில் பச்சை அம்புக்குறி ஓடும். அம்பைப் பின்தொடர்ந்து போய், எல்லாரும் கூடும் இடமான அசெம்பிளி பொயின்ற்றில் நிற்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஒருவர் விடாமல் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். ஒருவர் விடாமல் சிவப்பு.

மற்றவர்களுக்குத் தவணை இருந்தது. ஸ்ரெலாவுக்கு அந்த மாதத்தோடு தகுதிகாண் காலம் முடிகிறது. கல்குடாக்காரி, முப்பதைத் தொட்ட பிள்ளை. அவள் அடித்து விரித்த கட்டிலில் ஒரு சுருக்கம் இருக்காது. புருஷன் விட்டுப் போய்விட்டான், பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில் ஒரு மகள். வேலை நிரந்தரமானால் இங்கேயே இருப்பாள். இல்லையென்றால் மகளைத் தாயிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்குக் கட்டாருக்குப் போக வேண்டியதுதான். ஏஜென்சிக்காரன் பாஸ்போட்டைக்கூட முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டான்.

கொழும்பில் பயிற்சிக்குப் பொறுப்பானவர் நிரோஷ் என்ற தம்பி. போனில் சொன்னார்: "மெடம், இது அட்டிடியூட் பிரச்சினை. அம்பைப் பார்த்து நடக்கச் சொல்லுங்க. சின்னப் பிள்ளைகூட செய்யும்."

ஸ்ரெலாவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் மாட்டினேன். "பச்சை அம்பு, விளங்குதா? அதோட போ." "ஓம் மெடம்" என்றாள். மணி அடித்ததும் கிறுகித் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடி, என் மேசையில் மோதினாள். மறுபடி மாட்டினேன். "ஓம் மெடம்." மறுபடியும் அதே ஓட்டம், அதே மேசை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன விசரா புள்ள? கட்டாருக்குப் போக ஆசையா?"

பெட்டியைக் கழற்றினாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. "மெடம், அந்த அம்பு கடலுக்கெல்லோ போகுது."

"படக் கடல்தானே!"

"அது தலைக்குத் தெரியுது மெடம். காலுக்குத் தெரியுதில்ல. மணி அடிக்குது, சனம் கத்துது, கடல் இரையுது. அந்த நேரம் கடலப் பாத்து ஓடெண்டா எப்படி ஓடுற? சுனாமிக்கு எங்கட அப்பா வள்ளத்தப் பாக்கெண்டு கடலுக்குத்தான் ஓடினவர். மறுகா வரேல்ல."

நான் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

3. என் நெற்றியும் அலுமாரியும்

அவள் போன பிறகுதான் உறைத்தது, இத்தனை பேர் தலையில் மாட்டிய பெட்டியை என் தலையில் ஒரு தரமும் மாட்டவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு மாட்டினேன். நல்ல வடிவான ஹோட்டல்தான். இடப்பக்கம் வரவேற்பு மண்டபம், ரோட்டு. வலப்பக்கம் நீச்சல் தடாகம், அதற்கப்பால் புல்தரை, பிறகு கடல். மணி அடித்தது. அம்பு வலப்பக்கம் ஓடியது. 'றூபி, இது தீப் பயிற்சி, வலப்பக்கம் போ' என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இடப்பக்கம் பாய்ந்து அலுமாரியில் நெற்றியை முட்டிக்கொண்டேன். பெரிய புடைப்பு. நான் புளியந்தீவில் பிறந்தவள், கடற்கரைக்காரிகூட இல்லை. சுனாமி நாளில் தண்ணீர் வந்த பக்கத்திலிருந்து ஓடி வந்த சனத்தைப் பார்த்தவள், அவ்வளவுதான். எனக்கே சிவப்பு என்றால் ஸ்ரெலாவை என்ன சொல்வது?

புடைப்போடு ஜெனரல் மனேஜரிடம் போனேன். அவர் கல்லடிக் கடற்கரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் கொழும்பிலிருந்து வருவதெல்லாம் அவருக்கு வேதவாக்கு.

"மெடம், நெருப்பு வேற, கடல் வேற. படிச்ச ஆக்கள் நீங்களே இப்பிடிக் கதைச்சா?"

"சேர், ஒருக்கா மாட்டிப் பாருங்களன்."

"எனக்கெங்க நேரம்? சிவப்பெண்டா சிவப்புத்தான். சிஸ்டத்தோட நாம வாதாடேலா. புதுப் பிள்ளை ஒண்டப் பாருங்க."

ஐந்து நிமிடம் பெட்டியை மாட்ட நேரமில்லை, ஒரு பெண்ணைக் கட்டாருக்கு அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறது! வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு இன்னொன்று கேட்டேன். நிரோஷ் எப்படியும் இந்தக் கிழமை நேரில் வருகிறார். பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு உண்மையான மணியை அடித்துப் பார்ப்போம். எந்த நேரம் என்று மணி அடிக்கிற காவல்கார வோச்சருக்கும் எனக்கும் விருந்தாளிகளுக்கும் மட்டும் தெரியட்டும். "சரி, உங்கட ஆசைக்கு" என்றார்.

4. மணி அடித்தது

பகல் சாப்பாட்டுக்கு முன்னால் அடிக்க வைத்தேன். எங்கள் பழைய மணி, அடித்தால் ரயில் ஸ்டேஷன் வரை கேட்கும். குசினி, லோண்ட்ரி, வரவேற்பு, தோட்டம், எல்லாப் பக்கத்தாலும் ஆட்கள் ஓடினார்கள். எல்லாரும் ரோட்டுப் பக்கம், பெரிய கேற்றடிக்கு.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அங்கே முதல் ஆளாக நின்றவர் யார்? எங்கள் ஜெனரல் மனேஜர். ஒரு கால் சப்பாத்தைக் காணவில்லை. கேற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் ஸ்ரெலா, கையில் தலையணை உறையோடு.

"சேர், நீங்களும் பெயிலா?" என்று கேட்டாள். நக்கலாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். குசினிப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

அவர் குனிந்து சப்பாத்தில்லாத காலைப் பார்த்தார். ஆட்களை எண்ணினோம். நிரோஷ் மட்டும் இல்லை. தேடிப் போனால், கடற்பக்கப் புல்தரையில் ஒரு பச்சைப் பலகையின் கீழ், கையில் ராப்லெற் கணினியோடு தன்னந்தனியாக நிற்கிறார். பெட்டிக்குள் இருந்த படத்தில் மட்டுமல்ல, எங்கள் ஹோட்டலிலும் அசெம்பிளி பொயின்ற் அந்தக் கடற்கரைப் புல்தரைதானாம்! கொழும்பில் வரைந்த பிளான்படி என்றோ நட்ட பலகை. அதன் கால்களில் உடுப்புக் காயக் கயிறு கட்டியிருந்தார்கள் எங்கள் ஆட்கள். வருடா வருடம் டிரில் நடக்கும், எல்லாரும் கேற்றடியில் கூடுவோம், அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் படித்ததில்லை.

நிரோஷ் எங்களைத் தேடிக் கேற்றடிக்கு வந்தார். கோபப்படவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார், மதிலோரத்தைக் காட்டினார். "மெடம், நீங்க எல்லாரும் நிக்கிறது காஸ் சிலிண்டர் கூட்டுக்குப் பக்கத்துல."

திரும்பிப் பார்த்தோம். உண்மைதான். கம்பிக் கூட்டுக்குள் ஆளுயரச் சிலிண்டர்கள் வரிசையாக நின்றன. குசினியில் நிஜமாகவே நெருப்புப் பிடித்திருந்தால்? கொழும்புக்காரரைத் திட்ட வைத்திருந்த சொல்லில் பாதியை என்னைத் திட்டவே செலவழித்தேன்.

ஸ்ரெலாதான் பேசினாள். "சேர், கடலடிக்கு எங்கட கால் வராது. காஸடியில நிண்டாலும் சாவு. அங்கால வாகனம் விடுற வளவு சும்மாதானே கிடக்கு?"

ஜெனரல் மனேஜர் நிமிர்ந்தார். "பலகையப் புடுங்கி அங்க நடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மெடம், இவட நிரந்தரக் கடிதத்தக் கொண்டாங்க, ஒப்பம் வைக்கிறன்."

"பெட்டி சிவப்பெண்டு சொல்லுதே சேர், கொழும்பு கேட்டா?"

"சிவப்பெண்டே அனுப்புங்க. இவட பேருக்குக் கீழ என்ட பேரையும் போடுங்க."

என் பெயரையும் சேர்த்துப் போட்டு அனுப்பினேன். தோற்றவர்கள்: ரூம் அற்றெண்டன், எச்.ஆர். மனேஜர், ஜெனரல் மனேஜர். அதற்குப் பிறகு யாரை நிறுத்துவது என்று கொழும்பு கேட்கவே இல்லை. நிரோஷ் தம்பி மட்டும் பெட்டி செய்த கம்பனியோடு மல்லுக்கட்டி, படத்தில் அம்பின் திசையை மாற்ற வைத்தார். அதற்கு அவர்கள் எடுத்த காலத்தில் ஒரு ஹோட்டலே கட்டியிருக்கலாம்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாளைக்கு இதைவிடப் புதினமான பெட்டிகள் வரும், வரட்டும். எதையும் முதலில் உங்கள் தலையில் மாட்டுங்கள், பிறகு உங்கள் மனேஜர் தலையில், அதற்குப் பிறகு வேலை தேடி வந்த ஏழைத் தலையில். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

கடிதம் கையில் கிடைத்த மறுநாள், ஸ்ரெலா ஏஜென்சிக்காரனோடு சண்டை பிடித்துப் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு நேரே என் அறைக்கு வந்தாள்.

"மெடம், இத உங்கட அலுமாரிக்குள்ள வைங்க. வீட்ட இரிந்தா அவன் திரும்பவும் வருவான்."

நெற்றியை முட்டிக்கொண்ட அதே அலுமாரிதான். உள்ளே வைத்துப் பூட்டி, திறப்பை அவள் கையில் கொடுத்தேன்.